மெலிந்த பிறகு தொங்கும் தோல்: எது இறுகும், எது இறுகாது

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதுகிறேன். வயது 39, உயரம் 170 செ.மீ. ஒன்றரை வருடத்தில் 108 கிலோவில் இருந்து 74 கிலோவுக்கு வந்திருக்கிறீர்கள். மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணம் ரவுனுக்குச் சைக்கிளில் வேலைக்குப் போய் வந்ததும், இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கியதும்தான் காரணம். சுகரும் பிரஷரும் இறங்கிவிட்டன. ஆனால் தொப்புளுக்குக் கீழே தோல் மடிந்து தொங்குகிறது, நெஞ்சு தளர்ந்துவிட்டது, மேற்கையின் அடிப்பக்கம் ஆடுகிறது, முகம் வற்றிவிட்டது. வண்டி (தொந்தி) வைத்திருந்த காலத்தில் நல்லூர்க் கோயிலில் சேர்ட்டைக் கழற்ற வெட்கப்படாதவருக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. எண்ணெய் பூசினால் இறுகுமா, விட்டால் தானாகச் சரிவருமா, இல்லையென்றால் ஒபரேஷன்தானா என்று கேட்டிருந்தீர்கள்.

நான் பிசியோதெரபி வேலையில் இருக்கிறவன், கத்தி பிடிக்கிற ஆள் இல்லை. அந்த அளவில் என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் இன்னும் கொஞ்சம் இறுகும், பழையபடி முழுக்க இறுகாது. எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் தொங்குவது முழுவதும் தோல் என்று நீங்கள் முடிவுகட்டியிருப்பது சரியாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். தளர்ந்த தோல், மிச்சம் இருக்கிற கொழுப்பு, குறைந்துபோன தசை என்று மூன்றும் அங்கே கலந்து கிடக்கின்றன. மூன்றுக்கும் வேறு வேறு வைத்தியம். தசை குறைந்ததற்கு கிறீம் பூசியும், கொழுப்பு மிஞ்சியதற்கு ஒபரேஷன் தேடியும் காசு செலவழிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறோம்.

வீட்டிலேயே பார்க்கலாம். நேராக நின்று தொப்புளுக்குக் கீழே இரண்டு விரலால் கிள்ளிப் பிடியுங்கள். பிறகு புறங்கைத் தோலைக் கிள்ளிப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே தடிப்பு என்றால் வயிற்றில் இருப்பது வெறும் தோல். பெருவிரல் மொத்தத்துக்குக் கையில் அகப்பட்டால் உள்ளே கொழுப்பு இருக்கிறது. 74 கிலோவுக்கு உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற அளவு) 25.6 வருகிறது. எங்களைப் போன்ற ஆசியர்களுக்கு 23 தாண்டினாலே நீரிழிவு, இருதய நோய் ஆபத்து ஏறத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ என்பது தெற்காசியருக்கான எல்லை. ஆகவே நாலைந்து கிலோ கொழுப்பு இன்னும் இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. கொழுப்பு உள்ளே கனமாகக் கிடக்கும்போது தோல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கீழே இழுபட்டுத்தான் நிற்கும்.

இனித் தோல். மேல்தோலுக்குக் கீழே இருக்கிற உள்தோலில்தான் விஷயம் கிடக்கிறது. அங்கே கொலாஜன் என்ற நார் உறுதியைத் தருகிறது, எலாஸ்டின் என்ற நார் இழுத்து விட்டால் திரும்பிவரும் தன்மையைத் தருகிறது. கொலாஜனை உடம்பு வாழ்நாள் முழுக்க, வயது போகப் போகக் குறைந்த அளவிலாவது, புதிதாகச் செய்துகொண்டிருக்கும். எலாஸ்டின் அப்படி இல்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போதும் சின்ன வயதிலும்தான் அதிகம் உருவாகிறது. வளர்ந்த பிறகு அறுந்தால் அறுந்ததுதான், ஈடுசெய்வது மிகக் குறைவு. பத்து வருடம் 100 கிலோவுக்கு மேல் இருந்தவரின் தோல் அந்த அளவுக்கு இழுபட்டு நார்கள் சிதைந்திருக்கும். பிள்ளை பெற்று ஒரு வருடத்தில் மெலிந்தவரின் தோல் அவ்வளவு காலம் இழுபடவில்லை. ஒரே எடையைக் குறைத்த இரண்டு பேருக்கு இரண்டு விதமாக இருப்பதற்கு இதுதான் முதல் காரணம். வயது, பரம்பரை, வெயில், புகை ஆகியவை அடுத்தது. சிகரெட், சுருட்டைக் கைவிடாதவர்கள் தோலைப் பற்றிக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை, அது உள்ளிருந்தே நாரைத் தின்கிறது.

எடை ஓரிடத்தில் நிலைத்த பிறகு ஆறு மாதம் தொடங்கி ஒன்றரை, இரண்டு வருடம் வரைக்கும் தோல் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டு வரும். நீங்கள் இன்னும் குறைத்துக்கொண்டிருக்கிறபடியால் அந்தக் கணக்கே தொடங்கவில்லை. இப்போது கண்ணாடியைப் பார்த்து இறுதித் தீர்ப்பு எழுத வேண்டாம்.

கொழுப்பு எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் தெரிந்துகொள்ள நல்ல விஷயம். வியர்வையாகவும் மலமாகவும் போனதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி மூச்சோடு போகிறது. 10 கிலோ கொழுப்பு எரிந்தால் ஏறக்குறைய 8.4 கிலோ கரியமில வாயுவாக நுரையீரல் வழியே வெளியேறும், மிச்சம் 1.6 கிலோ தண்ணீராகும். கொழுப்பைச் சேமித்து வைத்திருந்த கலங்கள் மட்டும் அப்படியே இருக்கும். சுவீடனில் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2008இல் ஒரு வேலை செய்தார்கள். 1950கள், 60களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன் 14ஐ வைத்து மனிதரின் கொழுப்புக் கலங்களுக்கு வயது பார்த்தார்கள். வருடத்துக்கு ஏறக்குறைய 10 வீதம் கலங்கள் இறந்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன, மெலிந்தாலும் மொத்த எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை என்று கண்டார்கள். அரிசியை எடுத்த பிறகு மூலையில் கிடக்கிற வெறும் சாக்குகள் மாதிரி அவை கிடக்கின்றன. தொட்டால் மெத்தென்று, பிடிமானம் இல்லாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்த இடத்தில் முதலில் குறையும் என்பது எங்கள் விருப்பத்தில் இல்லை. குடலைச் சுற்றி இருக்கிற கொழுப்பு ஒப்பீட்டளவில் வேகமாகக் கரையும், அதனால்தான் உங்கள் சுகர் முதலிலேயே இறங்கியது. தோலுக்கு அடியில் இருப்பது மெதுவாகப் போகும். பெண்களுக்குத் தொடையும் பின்புறமும், ஆண்களுக்கு அடிவயிறும் கடைசிவரை பிடிவாதம் பிடிக்கும். அந்த இடத்துக்கு மட்டும் பயிற்சி செய்து அந்த இடத்துக் கொழுப்பை எரிக்க முடியாது. ஆயிரம் சிட்-அப் செய்தாலும் அடிவயிறு தன் முறை வரும்போதுதான் குறையும்.

உங்கள் விஷயத்தில் நான் அதிகம் சந்தேகப்படுவது தசையை. குறைகிற எடையில் ஏறத்தாழ கால்பங்கு தசை முதலான கொழுப்பல்லாத பகுதியாக இருப்பது வழக்கம். உங்களுக்கு 34 கிலோ போயிருக்கிறது, அதில் எட்டுக் கிலோ அளவில் அப்படிப் போயிருக்கலாம். சைக்கிள் நல்ல பயிற்சிதான், இருதயத்துக்கும் காலுக்கும். கையும் தோளும் நெஞ்சும் முதுகும் அதில் சும்மா இருந்து பயணம் செய்கின்றன. நீங்கள் முறையிட்ட இடங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்: நெஞ்சு, மேற்கை, வயிறு. தொடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

முன்பு துலாவிலும் கப்பியிலும் தண்ணீர் அள்ளிய வீடுகளில் மேலுடம்புக்கு வேலை தானாகவே கிடைத்தது. இப்போது மோட்டரைப் போட்டால் தொட்டி நிரம்புகிறது, ஆகவே வேலையை நாங்கள்தான் உண்டாக்க வேண்டும். கிழமையில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், அரைமணி நேரம் போதும். சுவரில் கைவைத்துத் தள்ளுவதில் தொடங்கி, பிறகு மேசை விளிம்பில், பிறகு நிலத்தில் தண்டால். கதிரையில் இருந்து கைபிடிக்காமல் எழும்பி இருப்பது. ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஐந்து கிலோ. முன்னுக்குக் குனிந்து நின்று அதை இடுப்புவரை இழுப்பது, தலைக்கு மேலே தூக்குவது. பத்துப் பன்னிரண்டு முறை செய்யும்போது கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். கஷ்டம் தெரியாவிட்டால் பாரத்தைக் கூட்டுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்க வேண்டாம், பிரஷர் இருந்தவருக்கு அது கூடாது. தொப்புளிலோ கவட்டிலோ புடைப்பு ஏதும் இருந்தால் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள், மெலிந்த பிறகுதான் சில ஹேர்னியாக்கள் (குடலிறக்கம்) கண்ணில் படும். ரவுனில் ஜிம்மும் இருக்கிறது, விருப்பமென்றால் போங்கள். தோலுக்கு அடியில் தசை கொஞ்சம் நிரம்பினாலே மேற்கையும் நெஞ்சும் வேறு மாதிரித் தெரியும், ஆனால் அதற்கு மாதக்கணக்கு பொறுமை வேண்டும்.

சாப்பாட்டில் நீங்கள் சோற்றைக் குறைத்தது சரி, அந்த இடத்தில் எதை வைத்தீர்கள் என்று எழுதவில்லை. தசை வளர்க்கிற காலத்தில் உடம்பு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் வேண்டும். உங்களுக்கு ஏறத்தாழ 90 முதல் 118 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். சமைத்த மீன் 100 கிராமில் 20க்கு மேல் கிடைக்கும், காய்ந்த பயறு 100 கிராமில் 24 அளவில் இருக்கிறது. புட்டும் சம்பலும், இடியப்பமும் சொதியும் என்று காலைச் சாப்பாடு முடிந்தால் புரதம் மிகக் குறைவு. அதே புட்டில் பாதியை எடுத்துவிட்டு அவித்த பயறு, கடலை, முட்டை ஒன்றைச் சேர்க்கலாம். சூடை மீன் மலிவு, முள்ளோடு தின்னப் பழகியவருக்குக் கல்சியமும் கிடைக்கும். நல்லூரில் திருவிழாவுக்குக் கொடியேறினால் எங்கள் வீடுகளில் 25 நாளும் சைவம்தான். அந்த நாட்களில் பருப்பு, கௌபி, சோயாமீற், தயிர் எல்லாம் கறிக்கு ஒப்புக்காக இல்லாமல் உண்மையான அளவில் கோப்பையில் இருக்க வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை ஏதும் சொல்லப்பட்டிருந்தால் மட்டும் புரதத்தைக் கூட்ட முன் கிளினிக்கில் கேளுங்கள்.

நெஞ்சு பற்றி ஒரு சிறு விஷயம். முலைக்காம்புக்கு நேர் கீழே வட்டமாக, இறப்பர் போலக் கெட்டியாக ஏதும் தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசுவாக இருக்கலாம். அது பயிற்சிக்கும் பட்டினிக்கும் அசையாது. ஒரு பக்கம் மட்டும் கட்டியாக இருந்தால் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

எண்ணெய், கிறீம். நல்லெண்ணெய் வைத்து முழுகுவதில் எனக்கு எந்த விரோதமும் இல்லை. வறண்ட தோல் மிருதுவாகும், சனிக்கிழமை நன்றாக நித்திரை வரும். உள்தோலில் அறுந்த நாரை அது ஒட்டாது. "இறுக்கும்" என்று பெட்டியில் அச்சடித்து விற்கிற கிறீம்களும் அப்படித்தான். வயிற்றில் இருக்கிற வரித்தழும்புகள் சிவப்பாக இருக்கிற காலத்தில் சில மருந்துகளுக்குக் கொஞ்சம் அசையும், வெள்ளையாகிவிட்டால் அவ்வளவுதான். கொலாஜன் பவுடர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வயிற்றுக்குள் போனதும் அது மற்றப் புரதங்களைப் போல உடைந்துவிடும். சுருக்கத்திலும் ஈரப்பதத்திலும் சிறு மாற்றம் காட்டிய ஆய்வுகள் உண்டு, தொங்கும் தோலை இறுக்கும் என்று நம்பி வாங்கும் அளவுக்கு ஒன்றுமில்லை. இன்னொன்று, அதில் பெரும்பாலானவை மாட்டின் தோல், எலும்பு அல்லது மீன் தோலில் இருந்து எடுக்கப்படுகின்றன. விரத நாளில் பாலில் கலந்து குடிக்கிறவர்கள் டப்பாவைத் திருப்பி வாசிப்பது நல்லது.

எங்கள் ஊர் வெக்கைக்கு அழகைவிடப் பெரிய பிரச்சினை மடிப்புக்குள் வருகிற புண். தோலோடு தோல் உரசி, வியர்வை நின்று, அதில் பூஞ்சணம் பிடித்து, சிவந்து நாறத் தொடங்கும். குளித்த பிறகு மடிப்பை விரித்து ஒற்றி ஒற்றித் துடையுங்கள், தேய்க்க வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய பருத்தித் துணியை மடிப்புக்குள் வைக்கலாம். சைக்கிளில் போய்ச் சேர்ந்ததும் நனைந்த பெனியனை மாற்றுங்கள். பூஞ்சணத்துக்கு குளோட்ரிமசோல் கிறீம் பெரும்பாலும் போதும், சிவப்பு மறைந்த பிறகும் இரண்டு கிழமையளவு தொடர வேண்டும். பார்மசியில் "கடிக்கு ஒரு கிறீம்" என்று அரிப்புக்குக் கேட்டு ஸ்டீரொய்ட் கலந்ததை வாங்கிப் பூசுகிற பழக்கம் இங்கே மோசமாக இருக்கிறது. இரண்டு நாளில் கடி நிற்கும், பிறகு படை வட்டம் வட்டமாகப் பரவும், தோல் மெலிந்து கவட்டில் புதிய வரிகள் விழும். ஏற்கனவே மெலிந்த தோலுக்கு அதைவிடக் கெட்ட காரியம் இல்லை. புண் திரும்பத் திரும்ப வந்தால் சுகரை மறுபடி பாருங்கள்.

மெலிந்தவர்களைப் பயப்படுத்துகிற வேறு சில மாற்றங்களும் உண்டு. நெஞ்செலும்பின் அடிநுனியில் ஒரு சிறு கூர்மையான குருத்தெலும்பு இருக்கிறது. கொழுப்பு போனதும் அது கையில் தட்டுப்படும், "வயிற்றுக்கு மேலே கட்டி" என்று இரவிரவாக நித்திரை இல்லாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது பிறந்ததில் இருந்து அங்கேதான் இருக்கிறது. வாங்கில் இருந்தால் வால் எலும்பு நோகும், மார்கழியில் முன்பு தெரியாத குளிர் தெரியும், மோதிரம் கழன்று விழும். வேகமாக மெலிந்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும். நல்ல மாற்றமும் உண்டு: கழுத்தின் பின்பக்கம் வெல்வெட் போலக் கறுத்திருந்தது மங்கத் தொடங்கும். அதை அழுக்கு என்று நினைத்துத் தேசிக்காயும் பயற்றம்மாவும் போட்டுத் தேய்க்கிறார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது, எடை குறைய அதுவும் குறையும்.

முகம் வற்றியதற்கு நான் ஒன்றும் செய்யச் சொல்லமாட்டேன். கன்னத்துக் கொழுப்பும் உடம்புக் கொழுப்போடு சேர்ந்துதான் போகும். எடை நிலைத்து, ஒழுங்காகச் சாப்பிட்டுப் பயிற்சியும் செய்யும்போது முகம் ஓரளவு தெளியும். காண்கிற எல்லோரும் "என்ன தம்பி, வாடிப்போனாய், சுகரோ?" என்று கேட்பது எரிச்சல்தான். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஊர் அனுபவம் இருக்கிறது. முயற்சி இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் நீரிழிவு, தைரொயிட், காசநோய், புற்றுநோய் என்று தேடிப்பார்க்கத்தான் வேண்டும். நீங்கள் கிழமைக்கு அரைக்கிலோவும் இல்லாமல், நினைத்துச் செய்து குறைத்தவர். "சுகரை விரட்டத்தான் மெலிந்தேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதியுங்கள். திருவிழாவில் மேலாடை இல்லாமல் நிற்கிறவர்களை ஒருமுறை பார்த்தீர்கள் என்றால் தெரியும், வண்டியும் தழும்பும் சுருக்கமுமாகத்தான் எல்லா ஆண்களும் அங்கே நிற்கிறார்கள். உங்கள் வயிற்றை அளக்க யாருக்கும் நேரமில்லை.

கடைசியாக ஒபரேஷன். உண்மையான மிஞ்சிய தோலை எடுக்க அது ஒன்றுதான் வழி, அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரேடியோ அலையால் தோலைச் சூடாக்கும் மெஷின்கள் லேசான தளர்வுக்கு ஏதோ கொஞ்சம் செய்யலாம், மடிந்து தொங்குவதற்கு அல்ல. ஒபரேஷனுக்கு முன் எடை ஆறு மாதமாவது ஆடாமல் நின்றிருக்க வேண்டும். ஐந்து கிலோ இன்னும் குறைக்கப் போகிறீர்கள் என்றால் அதை முடித்துவிட்டுப் போங்கள், வெட்டிய பிறகு குறைத்தால் திரும்பத் தளரும், கூடினால் திரும்ப இழுபடும். வயிற்று ஒபரேஷனில் ஒரு இடுப்பெலும்பில் இருந்து மற்றதுவரை நீளமாக ஒரு தழும்பு விழும். எங்கள் நிறத்தவர்களுக்குத் தழும்பு தடித்து வளரும் வாய்ப்புக் கூட, முந்திய வெட்டுக் காயம் அப்படி வளர்ந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நீர் கட்டுதல், காயம் பிரிதல், கிருமித் தொற்று, காலில் இரத்தம் உறைதல் எல்லாம் நடக்கக்கூடியவை. புகையிலையை முன்னும் பின்னும் குறைந்தது நாலு கிழமை நிறுத்த வேண்டும், வெற்றிலையோடு மெல்லுகிறதும் சேர்த்துத்தான், நிக்கொட்டின் தோலுக்குப் போகிற இரத்தத்தைக் குறைக்கிறது. அதன் பிறகு ஆறு கிழமையளவில் பாரம் தூக்க ஏலாது, அந்த லீவுக்கும் கணக்குப் பாருங்கள். அழகுக்காக மட்டும் என்றால் அரச வைத்தியசாலையில் முன்னுரிமை எதிர்பார்க்க வேண்டாம். மடிப்புக்குள் திரும்பத் திரும்பப் புண், ஹேர்னியா, நடக்க இடைஞ்சல் என்று இருந்தால் உங்கள் கிளினிக் டொக்டரிடம் அதைப் பதியச் சொல்லி, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். புண் வரும் நாட்களில் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் உதவும்.

உங்கள் மனைவிக்கு இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு மெலிந்தும் வயிற்றின் நடு புடைத்தே இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது தோல் இல்லாமலும் இருக்கலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, தலையை மட்டும் கொஞ்சம் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரலை அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளமாக இடைவெளி இருந்தால் நடுவயிற்றுத் தசைகள் விலகி நிற்கின்றன. அப்படியென்றால் இப்போதைக்குச் சிட்-அப் செய்ய வேண்டாம், புடைப்பை அது கூட்டலாம். அருகில் உள்ள வைத்தியசாலையின் பிசியோ பகுதியில் காட்டினால், மூச்சோடு சேர்த்து உள்வயிற்றை இழுக்கிற பயிற்சியில் இருந்து தொடங்கிச் சொல்லித்தருவார்கள்.